வலது காது

மூன்று நாளுக்கு வூர்ஸ்பூர்க்.
தெற்கே, பவேரியாவுக்கு, பாட்டுக் கேட்கப் போகிறோம் என்றதும்
டோர்ட்முண்டில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்:
எங்கே தங்குகிறீர்கள்?

முதல் விடுதி ஆற்றோரம்.
படத்தில் பழைய பாலம், திராட்சைச் சரிவு,
கட்டில்மேல் அன்னப்பறவையாய் மடித்த துவாய்.
போனை எடுத்த பெண்
அமைதியான இடம் என்று மூன்று தரம் சொன்னாள்.
மூன்று தரம் சொல்லப்படும் அமைதியை
நான் நம்புவதில்லை.
விலை வேறு மேல் சட்ஜமத்தில் நின்றது.

அடுத்தது மதுக்கூடத்தின் மாடி.
சனிக்கிழமைகளில் கீழே ஊதுவார்கள்,
பதினொன்றுக்கு நிறுத்திவிடுவார்கள்,
அநேகமாக, என்றார் முதலாளி.
அந்த அநேகமாகவுக்குள் ஒரு டூபா
உட்கார்ந்து மூச்சு வாங்கியது.

தேவாலயத்துக்கு எதிரே ஒன்று இருந்தது.
கால்மணிக்கு ஒருமுறை மணியடிக்கும்,
ஞாயிறு விடிய எல்லா மணியும் சேர்ந்து.
பழகிவிடும், என்று எழுதியிருந்தார்கள்.
மூன்று நாளில் எதைப் பழகுவது?

கடைசியாக, இசைக்கல்லூரியின் பின்தெருவில்
ஹில்ட்ரூட் ஸாவர் அம்மாளின் வீடு.
"பிள்ளைகள் காலை பத்திலிருந்து சாதகம் செய்வார்கள்.
அதற்காக என்னிடம் முறையிடுகிறவர்களுக்கு
அறை கிடையாது" என்றார்.
நான் அறை கேட்பதா
நேர்முகத் தேர்வா என்று தெரியவில்லை.

குகதாசனைக் கேட்டேன்.
இருபத்திரண்டு வருஷம் அச்சு இயந்திரங்களுக்கு நடுவே நின்றவர்.
இடது காதுக்குத் தொழிற்சாலை வைத்தியர்
ஒரு சதவீதம் எழுதிக் கொடுத்தார்,
அந்தச் சதவீதத்துக்கு ஒரு சிறு தொகை வந்தது,
குளிர்சாதனப் பெட்டி வாங்கினோம்.

"எனக்கு எங்கேயும் சரி" என்றார்.
நல்ல காதைத் தலையணைக்குக் கொடுத்தால்
அவருக்கு உலகம் சாத்திக்கொள்ளும்.
நெருப்பு எச்சரிக்கை மணிக்கும் எழும்பியதில்லை,
என் சண்டைகளுக்கும் எழும்பியதில்லை,
இரண்டாவதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

ஆக, தேர்வு என் காதுகளுக்காக.
ஸாவர் அம்மாளின் அறைதான் மலிவு.
மெழுகு அடைப்பான் இரண்டு பெட்டி வாங்கினேன்.

மஞ்சள் திரை. இரண்டு மெத்தை,
நடுவே ஒரு கை விழுந்துபோகும் இடைவெளி.
எதிர் ஜன்னலில் ஒரு பெண், செலோ,
ஒரே நாலு வரி.
ஏறுகிறாள், திரும்புகிறாள்,
மூன்றாவது வளைவில் வழுக்குகிறாள்.
மறுபடி முதலிலிருந்து.
நான் அடைப்பானை அழுத்திக்கொண்டேன்.

அரண்மனை மண்டபத்துக் கச்சேரி இரண்டாம் இரவு.
சரவிளக்கு, பட்டுச் சட்டைகள், இருமல்கள்.
நாற்பது பேர் ஒருவருக்கும் வழுக்கவில்லை.
குகதாசன் என் பக்கம் சாய்ந்து
"எல்லாம் நேராகப் போகுது" என்றார்,
ஏதோ குறை சொல்வதுபோல.

மறுநாள் சாப்பிட்டுவிட்டுச் சரிந்தார்.
காலணி கழற்றக் குனிந்தபோதுதான் பார்த்தேன்:
தலையணை ஜன்னல் பக்கம் போயிருந்தது.
செத்த காது கீழே.
நல்லது மேலே, திறந்தபடி,
திரை நுனி அதில் உரச.

"நித்திரையா?"
"உஷ். இந்த முறை விழமாட்டாள்."
விழுந்தாள்.
சின்னப் பிள்ளைபோல் சிரித்தார்.
நான் அடைப்பானை எடுத்துவிட்டு
அடுத்த மெத்தையில் படுத்தேன்.
ஏழு தரம் விழுந்தாள்.
எட்டாவதில் யாரோ அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

புறப்படும் நாள். பத்துக்குச் சாவி கொடுக்க வேண்டும்,
அவள் தொடங்குவதும் பத்துக்கு.
கால்மணி நேரம் கடன் கேட்டோம்.
ஸாவர் அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார்,
எங்களைப் பார்த்தார்,
பெட்டிகளை மட்டும் படியில் வைக்கச் சொன்னார்.

அதற்குள் அடுத்த அறைக்காரர்கள் வந்துவிட்டார்கள்,
இளம் சோடி, சக்கரப் பெட்டி, ஈரக் குடை.
இங்கே சத்தம் இருக்குமா என்று
வாசலில் நின்றே கேட்டார்கள்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றார் குகதாசன்,
தமிழில்,
ஜன்னலிலிருந்து தலையைத் திருப்பாமல்.